சுவர் காயும் வரைக்கும்

நேற்றுக் காலை சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில், பள்ளிவாசல் மதிலுக்குப் பூசச் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருந்தார்கள். குழியில் கிடந்த கல்லின் மேல் தண்ணீர் விழுந்ததும் அது சீறியது, பிளந்தது, கொதித்தது. சுட்ட கல்லும் புது மழையும் பழைய முட்டையும் ஒன்றாய்க் கலந்ததுபோல், மூக்கின் உட்புறத்தை மெல்லக் கடிக்கும் அந்த வாசம் தெரு முழுக்க ஏறியது. மீன் கூடையோடு அங்கேயே நின்றுவிட்டேன். கால் இரண்டும் பரபரத்தன. வீட்டுக்கு ஓடு, பாயைச் சுருட்டு, பீங்கானை வைக்கோலில் சுற்று, வண்டி வந்துவிடும் என்று உடம்பு தன்பாட்டில் சொல்லத் தொடங்கிவிட்டது. எந்த வண்டியும் வரப் போவதில்லை. ஐம்பதை நெருங்கும் எனக்கு மூட்டையாகக் கட்ட அப்படியொன்றும் இல்லை. ஆனாலும் அந்த வாசம் ஏறினால் எனக்கு வயது பத்துதான், கண்டிதான், அலுமாரியின் உச்சியில் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டு போகும் வண்டிதான்.

என் வாப்பா கண்டியில் வீடு கட்டினவர். குளத்தைச் சுற்றிய மேடுகளில், பேராதனைக்குப் போகும் ரோட்டில், கட்டுகஸ்தோட்டைக்கு இறங்கும் சரிவில், எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் போட்ட ஓடு ஒன்று மழை விட்ட வெயிலில் சிவந்து மினுங்கும். அவருடைய வாப்பாவுக்குத் திகனையில் சுண்ணாம்புச் சூளை இருந்தது. கல்லை எரித்து, மாட்டு வண்டியில் ஏற்றி, கண்டியில் கட்டுகிறவர்களுக்கு விற்பார்கள். இளவயதில் அந்த வண்டிகளோடு வந்து இறங்கிய வாப்பா, நம்முடைய வெள்ளை ஏன் மற்றவன் சுவரில் போய் ஒட்ட வேண்டும் என்று ஒருநாள் யோசித்தாராம். யோசித்த கையோடு, ஒருவரும் வேண்டாமென்று விட்ட நீர்ப்பள்ளம் ஒன்றை வாங்கி, மண் போட்டு நிரப்பி, வரிசையாகக் கடைகள் எழுப்பினார். அதோடு அவருக்கு ஓரிடத்தில் நிற்க முடியாமல் போயிற்று.

காலமும் அப்படித்தான் இருந்தது. இருபதுகள். ரோடுகள் அகன்றன, பஸ் ஓடத் தொடங்கியது, தோட்டத்துக் காசு மலையிலிருந்து டவுனுக்கு இறங்கியது. யாழ்ப்பாணத்துக் கந்தோர் கிளாக்கர்மார், கோர்ட்டுப் புறக்டர்மார், கரையோரத்து வியாபாரிகள் என்று ரயில் கொண்டுவந்து கொட்டியவர்கள் எல்லாருக்கும் ஒரு கூரை வேண்டியிருந்தது. வாப்பா கட்டினார். என் அண்ணன்மார் இருவரில் பெரிய நானா ஹுன்னஸ்கிரியப் பக்கத்துக் காடுகளில் மரம் பார்த்தார். சின்ன நானா ஓடுகளையும் வண்டிகளையும் பார்த்தார். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் கையில் கிலுகிலுப்பைக்குப் பதிலாகச் சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டைக் கொடுப்பார்கள் என்று ஊரில் ஒரு பகிடி.

பெண்களுக்கும் இந்தத் தொழிலில் ஒரு வேலை இருந்தது. குடியிருப்பதுதான் அது.

கண்டி மழையும் பனியும் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். சுண்ணாம்புச் சாந்து பூசிய புது வீடு லேசில் காயாது. அறைக்கு அறை நெருப்பு வேண்டும், மனிதர் நடமாட வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், மூச்சுப் பட வேண்டும். பூட்டி வைத்தால் சுவர் பச்சையாகப் பூத்துவிடும். அதோடு, ஒருவரும் படுத்தெழும்பாத வீட்டுக்குள் முதலில் போய்ப் படுக்க எந்தக் குடும்பமும் விரும்பாது. ஆகவே வாப்பா கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் குடிபோனவர்கள் நாங்கள். கட்டினவன் தன் பிள்ளைகளையே படுக்க வைத்த வீடு என்றால் அதற்குமேல் ஆருக்கு என்ன சாட்சி வேண்டும்? சுவர் காயும் வரைக்கும் இருப்போம். காய்ந்ததும் வாடகைக் கூலிக்கு இருக்க ஆள் வரும். நாங்கள் அடுத்த ஈர வீட்டுக்குப் போவோம். கண்டியில் பாதித் தெருவுக்குச் சொந்தக்காரர், ஆனால் அவர் பெண்சாதி பிள்ளைகள் ஒரு காய்ந்த சுவரில் நிம்மதியாகச் சாய்ந்தது கிடையாது. கடைத்தெருவில் எங்களைத் தோளை வைத்தே அடையாளம் கண்டார்கள். பட்டு உடுத்தாலும் எங்கள் தோளில் ஒரு வெள்ளைத் தீற்று இருக்கும்.

எங்களுக்கு வழக்கமாக வண்டி விடுகிறவர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த ஒரு தமிழர். மொதலாளி வீட்டுச் சோறு ஒரு வீட்டுல கொதிச்சு இன்னொரு வீட்டுல வடியுது என்று உம்மாவின் காதுபடவே சொல்லிச் சிரிப்பார். உம்மா கோபிக்கமாட்டார். வண்டிக்காரர் சொன்னதில் பொய் இல்லை.

வாப்பா சுவரைச் சோதிக்கும் முறை ஒன்று இருந்தது. முதலில் உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைப்பார். பிறகு புறங்கையை. கடைசியில் கன்னத்தை. கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற பிள்ளையின் காய்ச்சலைப் பார்ப்பதுபோல் நிற்பார். சுவர் குளிர்ந்தால் பேசாமல் போய்விடுவார். குளிராவிட்டால் ஒரே ஒரு சொல்: “காஞ்சிட்டு.” அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் முற்றத்துக்கு ஓடிப் போய்த் துள்ளுவேன்.

எப்படிப்பட்ட நாட்கள் அவை! விடியுமுன்பே கயிறுகள் தரையில் பாம்புகளாக நெளியும். கட்டில்கள் கால் கழன்று சாதுவாகிவிடும். வீடு முழுக்க எதிரொலி வந்து குடியேறும். முதல் வண்டியில் குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உம்மா, அவர் மடியில் உப்பும் அரிசியும். கடைசி வண்டியில், மல்லாந்து கிடக்கும் அலுமாரியின் மேல் நான். குளம் எனக்குக் கீழே விரியும். மலை ஒவ்வொன்றாகத் திரும்பி என்னைப் பார்க்கும். தெருவில் தெரிந்தவர்கள் எந்தப் பக்கமாம் என்று கேட்பார்கள், நான் ராணிபோல் கையை நீட்டுவேன். போய் இறங்கியதும் எல்லாருக்கும் முன்னால் உள்ளே பாய்ந்து, அறை அறையாக ஓடிக் கத்துவேன். ஒவ்வோர் அறைக்கும் ஒரு குரல் இருக்கும். சுவர் பால்போல் வெளுத்து, வியர்த்து, அந்த வாசத்தோடு என்னை விழுங்க நிற்கும். அறைதோறும் சட்டியில் சிரட்டைக்கரி மூட்டுவார்கள். கண் எரியும். எனக்கு அது பெருநாள்.

என் ராத்தாவுக்கு அப்படி இல்லை. என்னைவிட எட்டொன்பது வயது மூத்தவள், அமைதியானவள். அவளிடம் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் இருந்தது. அதில் ஒரு கறிவேப்பிலைச் செடி. எந்த வீட்டிலோ முளைத்த கன்றைத் தோண்டியெடுத்துத் தகரத்தில் வைத்தவள், அதன்பிறகு வீட்டுக்கு வீடு மடியில் வைத்தே கொண்டுபோனாள். அது அவள் இடுப்புயரம் வளர்ந்துவிட்டது, தகரம் வயிறு பிதுங்கி நின்றது. மண்ணில் வைத்தால் என்ன என்று உம்மா கேட்கும்போதெல்லாம், இருக்கப் போகும் வீட்டில்தான் அதை மண்ணில் வைப்பேன் என்பாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். எழும்பிப் போகத் தேவையில்லாத ஒரு வீடு.

வாப்பாவுக்கும் அது தெரியும். எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் மாப்பிள்ளை வருவது பெண்ணின் வீட்டுக்கு. வீடு கொடுத்தாக வேண்டும். வீடு கட்டுகிறவரின் மூத்த மகளுக்கு வீட்டுக்கா பஞ்சம்? ஒவ்வொரு வீட்டுக்கும் கூரை ஏறியவுடன், இது ஒனக்குத்தான் மகள் என்று வாப்பா மனதாரச் சொல்வார். அவர் பொய் சொன்னதில்லை. அடுத்த வீட்டின் அத்திவாரம் கண்ணில் பட்டதும் முந்திய வீட்டை மறந்துவிடுவார், அவ்வளவுதான்.

பிறகு குளத்து வீடு வந்தது. குளத்துக்கு மேலே ரோடு வளையும் இடத்தில் மாடியோடு எழுந்த வீடு. காலையில் தண்ணீரின் வெளிச்சம் மேலறைப் பலகையில் ஏறி வந்து நெளியும். வாப்பா கட்டியதிலேயே அழகானது அதுதான் என்று தலைமை மேசன் பாஸே சொன்னார். அந்த வீட்டில் நாங்கள் இருக்கும்போதுதான் கம்பளையிலிருந்து ராத்தாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, எல்லாம் தாய்மாமன்தான். கறுத்தக் கோட்டும் சிவந்த துருக்கித் தொப்பியுமாக, அரிசிக் கடைக்காரர்களுக்கே உரிய பார்வையோடு வந்திருந்தார். கையில் எடுத்த எதையும் ஒருமுறை உருட்டிப் பார்க்காமல் விடமாட்டார். அவர் வீட்டுப் பெண்கள் மாடி ஏறினார்கள், கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், யன்னலைத் திறந்து மூடினார்கள். வாப்பா எல்லார் முன்னாலும், “இந்த வீடு மூத்தவக்கு” என்றார். நாள் பேசி முடிந்தது.

மறுநாள் காலை ராத்தா மண்வெட்டியைத் தானே எடுத்துப் பின்வளவில் ஒரு குழி வெட்டினாள். செடியை வைக்கவில்லை. கலியாணத்தன்று காலையில் வைப்பதாக எண்ணம். போகும்போதும் வரும்போதும் அந்தக் குழியை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். அவள் பாட்டு முணுமுணுத்ததை நான் முதன்முதல் கேட்டது அந்த நாட்களில்தான்.

கலியாணத்துக்குக் கொஞ்சம் முன்னால், பேய் மழையில், வாப்பா தன் புதுக் காரில் வரும்போது குளத்து ரோட்டில் ஒரு சாமான் வண்டி நனைந்துகொண்டு நின்றிருக்கிறது. பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர், அரசாங்கக் கச்சேரிக் கந்தோருக்கு உத்தியோகம் மாற்றலாகி வந்தவர், மனைவி பிள்ளைகளோடு ஒரே குடைக்குள். பேசி வைத்த வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். வாப்பா அவர்களைக் காரில் ஏற்றி நேரே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உம்மா துவாயும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு வருவதற்குள் வாப்பாவின் கை சுவரில் இருந்தது. உள்ளங்கை, புறங்கை, கன்னம்.

“காஞ்சிட்டு.”

நான் துள்ளினேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? உம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். கலியாணத்தையும் வண்டியிலேயே முடித்துவிடுவோமா என்று கேட்டார். வாப்பா முகம் குளிரச் சிரித்தார். கட்டுகஸ்தோட்டை ரோட்டில் அடுத்த வீடு முடிந்திருந்தது. இதைவிடப் பெரிய விறாந்தை, இதைவிடப் புதிய ஓடு. மகளுக்கு இருப்பதில் புதியதைக் கொடுப்பதுதானே முறை? அவர் அப்படித்தான் நினைத்தார், மனப்பூர்வமாக நினைத்தார். மழையில் நின்றவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. மறுநாள் வண்டிகள் வந்தன. ராத்தா தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். பின்வளவுப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

இனி வருவது எங்கள் குடும்பத்தைத் தவிர உலகத்தில் ஒருவரும் விடாத பிழை. நாங்கள் வீடு மாறிய விஷயத்தைக் கம்பளைக்கு யாரும் சொல்லவில்லை. வாப்பா பெரிய நானா சொல்லியிருப்பார் என்றிருந்தார். பெரிய நானா வாப்பா சொல்லியிருப்பார் என்றிருந்தார். ஆண்களுக்குத் தெரியாதா என்று உம்மா இருந்தார். உண்மையில், வீடு மாறுவது ஒரு செய்தி என்றே எங்களுக்குப் படவில்லை. இன்று தலை சீவினோம் என்று யாராவது ஆள் விட்டுச் சொல்வார்களா?

கலியாணத்தன்று புது வீடு பந்தலும் பச்சை ஓலையுமாக நின்றது. நெய்ச்சோற்றின் வாசமும் சுண்ணாம்பின் வாசமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. மருதாணிக் கையோடு ராத்தா உள்ளறையில் திரைக்குப் பின்னால் இருந்தாள். நிக்காஹ் ஓதி வைக்கும் லெப்பை வந்தாயிற்று. கம்பளை ரயில் வந்து போன சத்தமும் கேட்டாயிற்று. மாப்பிள்ளையைக் காணவில்லை. பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்தது. அப்போதும் இல்லை. விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினார்கள். வாப்பா வாசல் படலைக்கும் விறாந்தைக்குமாக நடந்தார். உம்மாதான் முதலில் நெஞ்சைப் பிடித்தார். “நாங்க வீடு மாறினத்த ஆராவது கம்பளைக்குச் சென்னீங்களா?” என்று கேட்டார். பெரிய நானா வாப்பாவைப் பார்த்தார், வாப்பா பெரிய நானாவைப் பார்த்தார். ராத்தா அறைக்குள்ளே கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

சின்ன நானா காரை எடுக்க ஓடுமுன் றபான் மேளச் சத்தம் கேட்டது. தெருத் திருப்பத்தில் மாப்பிள்ளையின் காரோடு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. ஆட்கள் மாப்பிள்ளையை வாழ்த்திப் பைத்துப் பாடினார்கள், ஆனால் அதில் கொஞ்சம் கோபமும் கலந்திருந்தது. எல்லாருக்கும் முன்னால், நெற்றி நிறையத் திருநீறும் கக்கத்தில் குடையுமாக, வழிகாட்டிக்கொண்டு நடந்து வந்தவர் எங்கள் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்.

நடந்ததை அவர்தான் சொன்னார். பாட்டோடும் றபானோடும் ஒரு கூட்டம் வாசலில் வந்து சப்பாத்துகளைக் கழற்றியதும், வீட்டுக்காரரின் மகளுடைய கலியாணத்துக்குத் தங்கள் விறாந்தையையும் கேட்டிருக்கிறார்களாக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். கதிரை போட்டார். மனைவி கைக்கு வந்த பேணிகளிலெல்லாம் தேத்தண்ணி ஊற்றினார். கம்பளைக்காரர்களும் இவரைப் பெண் வீட்டில் அலுவல் பார்க்கும் கணக்கப்பிள்ளை என்று எண்ணிக்கொண்டு தாராளமாகக் குடித்தார்கள். கடைசியில் தாய்மாமன் பெண் எங்கே என்று கேட்டபோது, பிள்ளையைக் காணக் கேட்கிறார் என்று நினைத்து, தங்கள் நான்கு வயது மகளுக்குப் பொட்டு வைத்துக் கூட்டி வந்து நிறுத்தினாராம் மனைவி.

“ஒரு மாதிரியாய்ப் பாத்தவை. அப்பதான் எனக்கு விளங்கினது,” என்றார் கிளாக்கர்.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து, அடங்கிப் போயிற்று. ஏனென்றால் தாய்மாமன் படலையைத் தாண்டவில்லை. மாப்பிள்ளையையும் காரை விட்டு இறங்க விடவில்லை. அவர் மதிலில் கையை வைத்தார். அரிசியை உருட்டிப் பார்க்கிற அதே கை. எடுத்தபோது விரல்களும் கறுத்தக் கோட்டின் கையும் வெள்ளையாகியிருந்தன.

“மொதலாளி, நாங்க பேசினது அந்த வீட்டுல. எங்கட பொம்பளையாளுங்க ஏறிப் பாத்ததும் அந்த வீட்ட. எங்கட புள்ளய ஈரச் செவத்துக்குள்ள படுக்க வெக்கவா கூட்டி வந்த?”

“இது அதவிடப் புதுசு,” என்றார் வாப்பா.

“புதுசு எங்களுக்கு என்னத்துக்கு?”

வாப்பா புதுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவருக்கு அதுவரை தெரியாது. குளத்து வீட்டைத் தந்தால் நிக்காஹ், இல்லாவிட்டால் அடுத்த ரயில் என்றார் தாய்மாமன். கிளாக்கரின் முகம் சுருங்கிவிட்டது. அவர் குடையைக் கைமாற்றிக்கொண்டு, “நாங்கள் எழும்புறம் ஐயா. பிள்ளையின்ர கலியாணம் பெரிசு. சாமான் அரைவாசி கட்டினபடிதான் கிடக்குது,” என்றார்.

எல்லாரும் வாப்பாவைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் மழையில் நின்ற மனிதருக்குக் கொடுத்த வாக்கு, மறுபக்கம் மகளைப் பற்றிக் கொடுத்த வாக்கு. ஒரே வீட்டின் மேல் இரண்டும். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் வாய் திறக்குமுன் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மணப்பெண்ணின் குரலை அந்த நேரத்தில் யாரும் கேட்பது வழக்கமில்லை.

“வாப்பா, அவங்கள எழுப்ப வாணாம். எனக்கு அந்த வீடு வாணாம். இது போதும். ஆனா இதிலயிருந்து என்ன ஒருநாளும் எழுப்பமாட்டன் எண்டு, இப்ப எல்லாரும் கேக்கச் செல்லுங்க.”

வாப்பாவின் கை பழக்கத்தில் பக்கத்துச் சுவரைத் தேடிப்போய் ஈரத்தோடு திரும்பி வந்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, எழுப்பமாட்டேன் என்றார். மெல்லத்தான் சொன்னார்.

தாய்மாமன் விடவில்லை. “செல்றது லேசி. இதே வாய்தான் அந்த வீட்டயும் மூத்தவக்கு எண்டு சென்ன.”

அது சரியான அடி. திரையின் கீழ்ப்புறம் அசைந்தது. மருதாணிக் கை இரண்டு அந்தத் தகரத்தை வெளியே தள்ளின. ராத்தா என்னைக் கூப்பிட்டு, பின்வளவில் கொண்டுபோய் நடச் சொன்னாள். இப்போதே, இவர்கள் பார்க்கவே.

நான் பட்டுப் பாவாடையோடு தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தூக்கினேன் என்பதைவிட அதோடு மல்லுக்கட்டினேன் என்பதே சரி. கலியாணக் கூட்டம் என்ன நடக்கிறதென்று பார்க்க, படலையைத் தாண்டாத தாய்மாமனையும் தள்ளிக்கொண்டு, என் பின்னாலேயே திரண்டு வந்தது. சின்ன நானா மண்வெட்டியால் நாலு கொத்துக் கொத்தினார். வண்டிக்காரர் கத்தியால் தகரத்தைக் கீறினார். வேர் உள்ளே சுற்றிச் சுற்றி, தகரத்தின் வடிவத்திலேயே சதுரமாக இறுகிக் கிடந்தது. இத்தனை வருஷம் போக இடமில்லாமல் தன்னையே சுற்றிய வேர். அதை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிட்டேன். மண்ணில் இறக்கி, காலால் மிதித்து, கையால் அணைத்தேன். உம்மா பக்கத்தில் நின்று, இது என்ன, ஏன் என்பதைத் தாய்மாமனுக்கு முகம் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்டுக்கொண்டு நின்ற கிளாக்கர் நெற்றியில் கை வைத்தார். “அப்ப அந்தக் குழி இதுக்கோ? என்ர மனிசி அதுக்குள்ள முருங்கைத் தடி ஊண்டிப்போட்டா. துளிரும் விட்டிட்டுது.”

முதலில் சிரித்தது ராத்தா. உள்ளறை யன்னல் வழியாக, அடக்க முடியாமல், கண்ணாடி வளையல்கள் குலுங்கச் சிரித்தாள். பிறகு உம்மா. பிறகு வண்டிக்காரர். பிறகு எல்லாரும். அந்தச் சிரிப்புக்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். பூமாலையோடு, புதுக் கோட்டோடு, கிணற்றடியில் இருந்த வாளியை நிரப்பித் தூக்கிக்கொண்டு. மாப்பிள்ளை. காரில் இருக்கச் சொன்னவரை யாரும் கவனிக்கவில்லை. வழியில் சுவரோடு உரசியிருக்கிறார், தோளில் எங்கள் வீட்டுத் தீற்று. வாளித் தண்ணீரைச் செடியடியில் பொறுமையாகச் சுற்றி ஊற்றினார். பிறகு நிமிர்ந்து, “மாமா, மரம் வெச்சாச்சி. இனி எப்படித் திரும்பிப் போற?” என்று கேட்டார்.

தாய்மாமன் செடியைப் பார்த்தார். மருமகனின் தோளைப் பார்த்தார். தன் கோட்டுக் கையைத் தட்டிவிட்டார். அது போகவில்லை. எங்கள் சுண்ணாம்பு லேசில் போகாது. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டுகள் அடுக்கியிருந்த பக்கம் திரும்பி, “சஹனாவது காஞ்சதா வருமா?” என்றார்.

அன்று நிக்காஹ் முடிந்து நாங்கள் உண்ட நெய்ச்சோற்றைப்போல் பிறகு ஒன்றை நான் உண்டதில்லை. கிளாக்கரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கார் போனது. அவர்களுக்கென்று தனியாகச் சமைத்த மரக்கறியோடு உள்ளே பெண்கள் பக்கத்தில் கிளாக்கரின் மனைவி உட்கார்ந்து, முருங்கையைப் பிடுங்கவா விடவா என்று ராத்தாவிடம் கேட்டார். விடச் சொன்னாள். காய்த்தால் எனக்கும் அனுப்புங்க என்றாள். அனுப்பினார்கள், வருஷக்கணக்காக.

வாப்பா பிறகும் ஓயவில்லை. முப்பதுகளில் தேயிலை விலை விழுந்தது, கூலிக்கு இருக்க ஆள் குறைந்தது, வீடுகள் ஈரத்தோடு பூட்டிக் கிடந்தன. அவர் கட்டிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் நானாமார் வரிசை வரிசையாகப் பிரித்துக்கொண்டார்கள், விற்றார்கள், திரும்பக் கட்டினார்கள். அவர்களின் மகன்மார் சீமெந்துக்குப் போய்விட்டார்கள். சீமெந்துக்கு வாசமில்லை. கண்டித் தெருக்களில் எது எங்களுடையது, எது எங்களுடையதாக இருந்தது என்று இப்போது எனக்கே மயக்கம். என் கால் மட்டும் அந்தத் தொழிலை விடவில்லை. மாற்றலாகும் உத்தியோகக்காரரைக் கட்டிக்கொண்டு, ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கத்திப் பார்த்து அதன் குரலைக் கேட்டவள் நான். ராத்தா கட்டுகஸ்தோட்டை ரோட்டில்தான் இருக்கிறாள். அந்தக் கறிவேப்பிலை கூரைக்கு மேலே போய்விட்டது. கீழே எத்தனையோ கன்றுகள். போகும்போதெல்லாம் ஒன்றைத் தகரத்தில் வைத்துத் தருவாள், நான் வாங்காமல் வந்துவிடுவேன்.

ஆனால் அந்த வாசம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் வேறு. கலியாணம் முடிந்து, அந்த மழைக்காலம் முழுக்க மச்சானும் எங்களோடு புகைக்குள் கண் எரிந்து, இருமி, தோள் வெளுத்து, கடைத்தெருவில் மொதலாளி வீட்டு ஆள் என்று பெயரெடுத்துவிட்ட பிறகு வந்த ஒரு காலை. குளத்துக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு தயார். வண்டிகள் வாசலில். உம்மா குர்ஆனோடு ஏறிவிட்டார். நான் அலுமாரியின் மேல், உற்சாகம் தாங்காமல் குதிகாலால் பலகையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறேன். மற்ற வீடுகளில் பெண் அழுதுகொண்டு போவாள், தாய் தகப்பன் நிற்பார்கள். எங்கள் வீட்டில் பெண் நின்றாள், வண்டியேற வேண்டியவர்கள் தாய் தகப்பன்.

வாப்பாதான் ஏறவில்லை. விறாந்தையில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கும்போல் இருக்கிறது, ஒரு கிழமை பொறுத்துப் போனால் என்ன என்று முணுமுணுத்தார். வாழ்க்கையில் அவர் அப்படிச் சொன்னது அந்த ஒருமுறைதான். கையை மட்டும் அவர் சுவரில் வைக்கவில்லை.

ராத்தா முன்னால் வந்தாள். உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைத்தாள். பிறகு புறங்கையை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தை.

“காஞ்சிட்டு வாப்பா,” என்றாள். “நீங்க போங்க.”